மாஸ்டர் வீட்டு அடைப்பு

அந்தத் தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் இறங்காமல் நின்றாலும் மாஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் வேலை தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் அடைப்பு என்று வந்துவிட்டால் மாஸ்டர்தான். சாக்கடை மூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார், மூக்கைச் சுளிக்கமாட்டார். "பிரஷர் குடுத்தா ஓடிடும்மா, நீங்க போய் அடுப்பைப் பாருங்க" என்பார். சுருள் கம்பியை உள்ளே விட்டுத் திருகுவார், பம்பை வைத்து அடிப்பார். கடகடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து வந்த முடிக்கற்றையையோ கந்தலையோ உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "இந்தா பாருங்க, இதுதான் உள்ள உக்காந்துக்கிட்டு ஆட்டம் காட்டுனது." காட்டினால்தான் மாஸ்டருக்கு வேலை முடிந்த திருப்தி.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது அவருடைய பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். சில அடைப்பு கரைந்து ஓடிவிடும், கையில் ஒன்றும் சிக்காது. வெறுங்கையோடு நின்றால் வீட்டுக்காரர்கள் நம்புவார்களா? அதற்காகவே மாஸ்டர் தன் பையில் ஒரு கந்தல் சுருணையை ஈரத்தோடு வைத்திருப்பார். யாரும் பார்க்காத நேரத்தில் அதை எடுத்து, இதுதான் வந்தது என்று காட்டிவிடுவார். சாப்பிட உட்காரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கண்ணால பாத்தாத்தான்டி ஜனங்க நம்பும்" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தெருவுக்கு என்ன, சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். கூடக் குடித்தனம் நடத்துகிறவளையல்லவா கேட்கவேண்டும்?

அவள் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தாள். பங்க்கில் கழிப்பறை இருந்தது. வாசலில் பலகைகூட மாட்டியிருந்தார்கள். ஆனால் உள்ளே ஆயில் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்ததால் எப்போதும் பூட்டு. சாவி கேஷியரின் மேஜை இழுப்பறையில். போய்க் கேட்டால் அந்த ஆள் தலையைக்கூடத் தூக்காமல், "இப்பத்தானே போயிட்டு வந்த? உனக்கென்ன உள்ள மோட்டாரு ஓடுதா?" என்பான். வரிசையில் நிற்கிற ஆண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்பதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. தலைக்கு மேலே தகரக் கூரை, காலுக்குக் கீழே கொதிக்கிற தரை, நாள் முழுக்கப் பெட்ரோல் நெடி. வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான். வருஷக்கணக்கில் அதுவே பழகிப்போனது.

ஒரு நாள் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது, இடது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை விட்டுத் திருகியதுபோல வலித்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கிட்னியிலேர்ந்து கீழ இறங்குற குழாயில ஒரு கல்லு வந்து நிக்குது. அதனால அடைப்பு. சின்னக் கல்லுதான், பெரும்பாலும் தானா வந்துடும். தண்ணி நல்லா குடிக்கணும், ஆனா மடமடன்னு ஒரே மூச்சா இல்ல, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா. வலிக்கு மாத்திரை எழுதியிருக்கேன். ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. குளிர் காய்ச்சல் வந்தாலோ, யூரின் குறைஞ்சாலோ அப்படியே கிளம்பி வந்துடணும். அது ஆபத்து, கிட்னியே போயிடும். கல்லு வந்துச்சுன்னா வடிகட்டியில புடிச்சு எடுத்துட்டு வாங்க. வரலைன்னா அடுத்த வாரம் உள்ள டியூப் விட்டு எடுத்துடலாம்."

'அடைப்பு' என்ற சொல் காதில் விழுந்ததுமே மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னது எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. வெளியே வந்ததும், "டியூப் விடறாங்களாம் டியூப்பு! என் வீட்டு லைனை இன்னொருத்தன் வந்து எடுக்கறதா? நல்லா இருக்கே கதை" என்றார்.

"டாக்டர் சொன்னபடி கேப்போங்க" என்றாள் அவள்.

"டாக்டரும் தண்ணிதானே குடிக்கச் சொல்லுச்சு? நானும் அதைத்தான் சொல்றேன். எத்தனை அடைப்பு எடுத்திருக்கேன், இது எனக்கு ஜுஜுபி."

வீட்டுக்குப் போகிற வழியிலேயே டீக்கடையில் இறங்கிச் சொல்லிவிட்டார். "கத்தியும் வேணாம், டியூப்பும் வேணாம். வெறும் தண்ணியிலயே எடுத்துக் காட்டறேன் பாருங்க." டீக்கடைக்காரர் பெரிதாகத் தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று, மாஸ்டர் தன் பெண்டாட்டிக்கு அடைப்பு எடுக்கப்போகிறார் என்று. வெட்கக்கேடு. அவள் பங்க்குக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டோடு கிடந்தாள்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவள், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட நாத்தனார். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிற நாத்தனாருக்கு அண்ணன் ஒரு வேலை கொடுத்தார். தான் வெளியே போயிருக்கும்போது அண்ணி தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும், பாத்ரூம் போனால் பின்னாலேயே வடிகட்டியை நீட்ட வேண்டும். நாத்தனார் அதை எவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள் என்கிறீர்கள்! மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அண்ணி எழுந்தால் நின்றுவிடும்.

"என்ன அண்ணி, வந்துச்சா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா? வெளிச்சத்துல காட்டுங்க."

மாஸ்டர் வீட்டிலிருக்கும் நேரம் அதைவிடக் கொடுமை. காலையில் கண் விழித்ததும் பெரிய சொம்பு நிறையத் தண்ணீரோடு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"குடி."

"கொஞ்சம் கொஞ்சமா குடிக்கத்தானேங்க டாக்டர் சொன்னாங்க."

"சொட்டுச் சொட்டா விட்டா எந்த அடைப்புடி போகும்? மொத்தமா விடணும். குடி."

"வயிறு வெடிச்சுடும் போல இருக்குங்க."

"தண்ணியில எவன் வயிறும் வெடிச்சதில்ல. ம், குடி."

"இப்பத்தானே அவ்வளவையும் வாந்தி எடுத்தேன்..."

"அதான் சொல்றேன். போனதை ஈடு கட்ட வேணாமா? பிரஷர் குறையக் கூடாது."

வலி வரும்போது அவள் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். கட்டிலில் படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது, மண்டிபோட்டுத் தரையைப் பிராண்டுவாள். அந்த நேரத்தில்தான் அவருக்கு உற்சாகம் பொங்கும். "பாத்தியா பாத்தியா, அசையுது! இப்ப விட்றக் கூடாது" என்று அடுத்த டம்ளரை நீட்டுவார். வலி மாத்திரையைக்கூட எண்ணி எண்ணித்தான் கொடுத்தார். மாத்திரை போட்டால் குழாய் மரத்துப்போய்விடுமாம், கல் நகராதாம். இதை எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு தடவை கேட்டாள், வேறொன்றை. வாந்தி எடுத்து ஓய்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கீழ அடைச்சிருக்கும்போது மேலேர்ந்து தண்ணி விட்டா, வீட்டுக்குள்ளதான் திரும்பும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அவர் தொழிலில் அது உண்மை. அதுவே அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது.

"ஓகோ, தொழிலை எனக்கே சொல்லித்தர்ற அளவுக்கு வந்துட்டியா? பெட்ரோல் ஊத்தறவளுக்கு வாயைப் பாரு!"

முன்னறையிலிருந்து நாத்தனார், "அண்ணன் உங்க நல்லதுக்குத்தானே அண்ணி பாடுபடறாரு. எதுத்து எதுத்துப் பேசலாமா?" என்றாள்.

மாடிப்படியிலிருந்து குதித்தால் கல் கீழே இறங்கும் என்று எவனோ சொல்லிவைத்தான். அதையும் செய்யவைத்தார். வயிறு நிறையத் தண்ணீரோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைசிப் படியிலிருந்து தொப்தொப்பென்று குதித்தாள். மாடி வீட்டம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். "என்ன மாஸ்டர், பொண்டாட்டிக்கு டிரில்லா?" என்று சிரித்தாள். கெட்டவளில்லை, அந்த அம்மா. சிரிக்கிறபடி இருந்தது, சிரித்தாள். குதித்தவளுக்குத்தான் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நாட்கள் போயின. கல் வரவில்லை. டீக்கடையில் நக்கல் ஆரம்பித்துவிட்டது. "என்ன மாஸ்டர், ஊரான் வீட்டு அடைப்பெல்லாம் ஓடுது, உன் வீட்டு அடைப்பு அசையமாட்டேங்குதே?" என்று டீக்கடைக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் மாஸ்டர் உம்மென்ற முகத்தோடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அவளிடம் போய்த் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சொம்பை வாயில் கவிழ்த்தார். தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறி, மூச்சு நின்று, உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆடாமல் இருப்பதற்கு.

இனி முடியாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய கருவிப் பையைத் திறந்தாள். அடியில் எப்போதும் மணலும் பொடிக்கல்லும் சேர்ந்து கிடக்கும். மிளகில் பாதியளவு இருந்த ஒரு கல்லைப் பொறுக்கினாள். பழுப்பு நிறம், ஓரத்தில் சின்ன முள். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பாத்ரூமில் போய் அதை வடிகட்டியில் போட்டுவிட்டு, "அம்மா!" என்று ஒரு கத்து கத்தினாள். கத்துவதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார்தான் முதலில் ஓடி வந்தாள். "அண்ணா, வந்துடுச்சு! வந்துடுச்சு அண்ணா!"

மாஸ்டர் ஈரத்துண்டோடு வந்தார். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை நெருடினார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"நான் சொல்லல?" என்றார் மாஸ்டர். "பிரஷர் குடுத்தா ஓடிடும்னு சொல்லல?"

அவ்வளவுதான். கல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். மாடி வீட்டம்மா பார்த்தாள், இஸ்திரிக்காரர் பார்த்தார், தெருவில் போனவர்கள் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "இத்தனூண்டா? அட, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார்கள். டீக்கடைக்காரர் தன் நக்கலை வாபஸ் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் டீ போட்டார். டாக்டரம்மா கேட்டாரே, டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டாமா என்று நாத்தனார் ஞாபகப்படுத்தியபோது, "எதுக்கு? அதான் வந்துடுச்சே" என்றுவிட்டார்.

சொம்பு அடுப்படிக்குத் திரும்பியது. அன்று அவர் வரும்போது பாலும் ரொட்டியும் திராட்சைப் பழமும் வாங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பப் படுத்திட்டேனாடி?" என்று கேட்டு அவள் தலையைத் தடவினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது. பொய் சொல்லித்தான் இதைக் கேட்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தத் திராட்சை இனித்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும். வலியும் அதிசயமாக அடங்கியிருந்தது. ஒருவேளை தனக்கே தெரியாமல் நிஜக்கல் கரைந்து போயிருக்குமோ என்றுகூட ஆசைப்பட்டாள். பங்க்குக்குத் திரும்பினாள். சாவி இழுப்பறையிலேயே இருந்தது. மறுபடியும் வாயைக் கொப்பளித்துத் துப்ப ஆரம்பித்தாள்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது உடம்பு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டிப்போய்க் குழாய் கையில் தந்தியடித்தது. கேஷியரே பயந்துபோய், "வீட்டுக்குப் போம்மா, எம்மேல பழி வந்துடும்" என்று அனுப்பிவிட்டான். பங்க்கிலிருந்து வீடுவரை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பாத்ரூம் போனால் சொட்டுத்தான் வந்தது, கலங்கலாக, நாற்றத்தோடு.

மாஸ்டர் பின்கட்டில் சுருள் கம்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பின்கட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குளிர் காய்ச்சல் வந்தா ஓடி வரச் சொன்னாங்கல்ல?"

"அது கல்லு இருந்தாத்தானே? கல்லுதான் வந்துடுச்சே."

"வரலீங்க." அவள் கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அது கல்லு இல்ல. உங்க பைலேர்ந்து நாந்தான் எடுத்துப் போட்டேன். தண்ணி குடிக்க முடியாமத்தான்... என்னை அடிச்சாலும் சரி, கூட்டிட்டுப் போயிடுங்க."

மாஸ்டர் கம்பியைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே தெரியும். தினம் மணல்லதான்டி கை வைக்கிறேன், எனக்குத் தெரியாதா மணல்ல வர்ற கல்லு எது, வயித்துல வர்ற கல்லு எதுன்னு?"

அவள் சாய்த்த தலையை நிமிர்த்தினாள்.

"தெரிஞ்சுமா..."

"பின்ன? தெருவே வாயைப் பொளந்துட்டு நிக்குது. எனக்கும் ஏதாச்சும் காட்டத்தானே வேணும்? நீயா கொண்டுவந்து குடுத்த, நான் காட்டினேன்." கம்பியை உதறிச் சுருட்டினார். "இப்ப போயி கல்லு உள்ளதான் இருக்குன்னு சொன்னா என் மானம் கப்பலேறிடும். காய்ச்சல்தானே, மாத்திரை வாங்கிட்டு வர்றேன். தண்ணியைக் குடிச்சுட்டுப் படு. ரெண்டு நாள்ல அதுவே வந்துடும். வந்தா சத்தம் போடாம சாக்கடையில விட்டுடு."

"எனக்குப் பயமா இருக்குங்க. செத்துடுவேன்."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே ஊரைக் கூட்டின."

உள்ளே போய் நாத்தனாரிடம் என்ன சொன்னாரோ, அவள் மிஷினை வாசல் கதவோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணி எழுந்து கதவுப்பக்கம் வந்தால், "காய்ச்சலோட எங்க கிளம்பிட்டீங்க? அண்ணன் வரட்டும், படுங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். இரண்டு போர்வை போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. பிறகு போர்வையை உதைத்துத் தள்ளும் அளவுக்குச் சூடு ஏறியது. காய்ச்சல் பிதற்றலில் அண்ணி யாரோ ஒரு கேஷியரிடம் சாவி கேட்டு அழுகிறாள் என்று நாத்தனார் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கடுத்த நாள் சிரிக்கவில்லை. அண்ணியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

துணி உலர்த்த இறங்கிய மாடி வீட்டம்மாதான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்ததும் போட்ட கூச்சலில் தெரு திரண்டுவிட்டது. நாத்தனாரைத் தள்ளிவிட்டு உள்ளே போய், அவளைத் தன் மடியில் போட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவளும் அந்த அம்மாதான்.

இடது கிட்னி முழுக்கச் சீழ் கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மாஸ்டர் கால்மாட்டில் நின்றார், தாடி வளர்ந்து, கண் சிவந்து. டாக்டரம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை.

"காய்ச்சல் வந்தா உடனே வரச் சொன்னேனா இல்லையா? கல்லு உள்ளயே இருந்திருக்கு. வந்துடுச்சுன்னு யார் சொன்னது?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இவதாங்க டாக்டர் சொன்னா. தண்ணி குடிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு, மணல்லேர்ந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டு வந்துடுச்சுன்னு காட்டினா. நான் படிக்காதவன், நம்பிட்டேன். காய்ச்சல் முத்திப் பினாத்தறப்பத்தான் உண்மை வெளிய வந்துச்சு." அவருடைய குரல் நிஜமாகவே உடைந்தது. டீக்கடைக்காரர் அவர் தோளில் கையைப் போட்டார்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் அவள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "அன்னைக்கே அவருக்குத் தெரியும்..."

"பாவம், மயக்கம் இன்னும் தெளியல" என்றார் டீக்கடைக்காரர்.

"அவருக்குத் தெரியும்மா" என்று மாடி வீட்டம்மாவின் கையைப் பிடித்தாள். காப்பாற்றியவள் நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

மாடி வீட்டம்மா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "எதுக்கும்மா அந்த மனுஷன் மேல பழியைப் போடற? என் கண்ணாலயே பாத்தேனே, சொம்பும் கையுமா உன் பின்னாலயே அலைஞ்சாரு."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பொய் சொல்லி உன் உடம்பை நீயே கெடுத்துக்கிட்டியேம்மா. யாரை ஏமாத்தின? சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஒரு கிட்னிதான். அதையாவது ஒழுங்காப் பாத்துக்கணும். தண்ணி விஷயத்துல இவ பேச்சைக் கேக்காதீங்க, பக்கத்துல இருந்து நீங்கதான் குடிக்க வைக்கணும்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அவளுடைய கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரிப் பதமாகத் தலையைத் தூக்கினார். மாடி வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒருத்தர் வாய்க்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

அவர் அவள் காதோரமாகக் குனிந்தார்.

"குடி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிறபடி. "அதான் இன்னும் ஒண்ணு இருக்குல்ல."

அவள் வாயைத் திறந்தாள்.